மலைமேல் கோட்டை, அடிவாரத்தில் சிறை

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் உங்கள் மகளின் திட்டப்பணிக்காக நீங்கள் கேட்டிருந்தது இது: சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் மலைமேல் ஆங்கிலேயர் கட்டிய கோட்டை பிற்பாடு சிறையாக மாறியதா? இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கைதிகளை அங்கேதான் அடைத்து வைத்தார்களா?

நேரடியாகச் சொன்னால், இல்லை. அந்தக் கோட்டைக்குச் சிறையாகும் காலமே வரவில்லை. 1907இல் அதை இடித்துவிட்டார்கள். இந்தியக் கைதிகள் இருந்த சிறை மலைக்குக் கீழே, பிராஸ் பாசா சாலைப் பக்கம் இருந்தது. கோட்டைக்கு முன்பே அது வந்துவிட்டது. இன்னொரு சிறை, பேர்ல்ஸ் ஹில் அடிவாரத்தில் ஊட்ரம் பக்கம். உண்மையிலேயே குன்றின்மேல் கோட்டையாக எழுந்து, பிறகு மனிதர்களை அடைத்துவைக்கப் பயன்பட்ட இடம் என்றால் அது செந்தோசாத் தீவில் இருக்கும் சிலோசோ கோட்டை. இந்த நான்கும் பேச்சுவாக்கில் ஒன்றாகக் கலந்துபோயிருக்கின்றன. கோட்டை, சிறை என்றதும் நம்மவர்களுக்கு வேலூர் நினைவுக்கு வருவதும் ஒரு காரணமாக இருக்கலாம். திப்பு சுல்தானின் பிள்ளைகளையும், பின்னால் கண்டியின் கடைசி மன்னரையும் அங்கே கோட்டைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். சிங்கப்பூரில் கதை வேறு மாதிரி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஃபோர்ட் கேனிங். கோட்டை வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அது அரசர்களின் மலை. 14ஆம் நூற்றாண்டில் தெமாசெக் (சிங்கப்பூரின் பழைய பெயர்) அரசர்கள் அங்கே வாழ்ந்தார்கள். 1928இல் மலை உச்சியில் நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டியபோது கிடைத்த தங்க நகைகள் அந்தக் காலத்தவை. 1984இலிருந்து நடந்த அகழாய்வுகளிலும் அந்தக் காலத்துப் பொருள்கள் நிறையக் கிடைத்தன. மலாய்க்காரர்கள் அதைத் தடைசெய்யப்பட்ட மலை என்று சொல்லி, மேலே ஏறாமல் ஒதுங்கியிருந்தார்கள். இங்கே ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் வந்த பிறகு 1822, 1823 வாக்கில் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் தனக்கு அங்கே ஒரு வீடு கட்டிக்கொண்டார். அதன்பின் ஆளுநர்கள் குடியிருந்ததால் அரசாங்கக் குன்று என்று பெயர் நிலைத்தது. சரிவில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டமும் இருந்தது. அதன் பழைய கல்வெட்டுகளை இன்றும் மதில் சுவரில் பதித்து வைத்திருக்கிறார்கள்.

1859இல் அந்த வீட்டை அப்புறப்படுத்திவிட்டுக் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். தலைமைப் பொறியாளர் கேப்டன் காலியர். காலியர் கீ என்ற பெயர் அவருடையதுதான். 1861இல் வேலை முடிந்தது. இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த கேனிங் பிரபுவின் பெயரைக் கோட்டைக்கு வைத்தார்கள். 68 பவுண்டு குண்டு வீசும் பீரங்கிகள் கடலைப் பார்த்து நின்றன.

அந்த நேரத்தில் கோட்டை எதற்கு என்பதுதான் உங்கள் மகள் எழுத வேண்டிய முக்கியமான விஷயம். வெளியிலிருந்து போர்க்கப்பல் வரும் என்ற கவலை ஒரு பக்கம். ஊருக்குள் கலவரம் வந்தால் ஐரோப்பியர்கள் ஓடிப்போய்ப் புகுந்துகொள்ள ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் இன்னொரு பக்கம். 1854இல் சீனக் குழுக்களுக்குள் பெரிய கலவரம் நடந்திருந்தது. 1857இல் இந்தியாவில் சிப்பாய்கள் எழுந்தார்கள். அந்தச் செய்தி வந்தபோது சிங்கப்பூரில் இருந்த வெள்ளைக்கார வணிகர்கள் மலையடிவாரத்துச் சிறையைத்தான் பயத்தோடு பார்த்தார்கள். உள்ளே ஆயிரக்கணக்கில் இந்தியக் கைதிகள். போதாக்குறைக்கு, வட இந்தியாவில் பிடிபட்ட கிளர்ச்சியாளர்களையும் இங்கே அனுப்பப் பார்க்கிறார்கள் என்ற பேச்சு வேறு. எங்கள் ஊரைக் கைதிகளைக் கொட்டும் இடமாக ஆக்காதீர்கள் என்று அவர்கள் எதிர்த்தார்கள். கல்கத்தாவின் நிர்வாகத்திலிருந்து பிரித்து நேராக லண்டனின் கீழ் கொண்டுபோங்கள் என்று அதே ஆண்டில் நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டார்கள். அந்த மனுவில் இருந்த குறைகளில் இந்தக் கைதிகள் விவகாரமும் ஒன்று. கிளர்ச்சியாளர்களை 1858 முதல் அந்தமானுக்கு அனுப்பினார்கள்.

ஆக, கோட்டைக்கும் சிறைக்கும் தொடர்பு உண்டு. கீழே இருந்த சிறை, மேலே கோட்டை கட்டியவர்களின் அச்சங்களில் ஒன்று.

கோட்டையால் பெரிய பயன் எதுவும் விளையவில்லை. ஊருக்குப் பின்னால் மலைமேல் நின்றதால், எதிரி அதைக் குறிவைத்துச் சுட்டால் நடுவில் இருக்கும் வணிகர் கிடங்குகள்மேல்தான் குண்டு விழும். தண்ணீர் வசதியும் போதாது. முற்றுகை வந்தால் தாங்காது. இன்னொரு சங்கடம், பக்கத்தில் இருந்த பேர்ல்ஸ் ஹில் இதைவிட உயரம். எதிரி அதன்மேல் பீரங்கியை ஏற்றிவிட்டால் கோட்டை அவன் கண்ணுக்குக் கீழே கிடக்கும் என்பதால் அந்த மலையின் தலையையே வெட்டிக் குறைத்தார்கள்! அப்படியும் கேனிங் கோட்டை ஒரு போரிலும் சுடவில்லை. அதன் பீரங்கிகள் ஊருக்கு நேரம் அறிவித்தன, அவ்வளவுதான். இன்று மிஞ்சியிருப்பது கனத்த மரக்கதவுகளோடு நிற்கும் நுழைவாயில், கொஞ்சம் மதில், இரகசியமாக வெளியேற வைத்த ஒரு சிறிய வாசல்.

இரண்டாம் உலகப் போரில் அதே மலைக்கு அடியில் பதுங்கு அறைகளில்தான் 1942 பிப்ரவரி 15 காலையில் பிரிட்டிஷ் படைத் தலைவர் ஜெனரல் பெர்சிவல் ஜப்பானியரிடம் சரணடைய முடிவெடுத்தார். அன்று மாலை புக்கிட் தீமாவில் ஃபோர்டு நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலையில் கையெழுத்தானது. அது தனிக் கதை. உங்கள் கேள்விக்கு அது தேவையில்லை.

இப்போது மலையிலிருந்து கீழே இறங்குவோம். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது இதைத்தான். நம் பிள்ளைகளுக்கு இந்தக் கைதிகளைப் பற்றி ஒரு வரிக்கு மேல் தெரிவதில்லை என்பது எனக்கு நெடுநாளாக வருத்தம்.

சுமத்திரா தீவின் பெங்கூலன் அப்போது ஆங்கிலேயர் கையில் இருந்தது. இந்தியாவில் நாடுகடத்தும் தண்டனை பெற்றவர்களை அங்கே அனுப்பிவந்தார்கள். 1824இல் டச்சுக்காரர்களோடு செய்த ஒப்பந்தத்தில் பெங்கூலன் கைமாறியது. அங்கிருந்த இந்தியக் கைதிகளைச் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் அனுப்ப வேண்டியதாயிற்று. 1825 ஏப்ரலில் முதல் கூட்டம் இங்கே இறங்கியது. அவர்கள் 80 பேர், சென்னை மாகாணத்திலிருந்து தண்டனை பெற்றவர்கள். ஒரு வாரம் கழித்து வங்காளத்துக் கைதிகள் வந்தார்கள். அதன்பின் இந்தியாவிலிருந்தே நேராகக் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. ராஃபிள்ஸ் கால்வைத்து ஆறே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஊரே அப்போது சேறும் காடுமாகக் கிடந்தது. வேலைக்கு ஆள் வேண்டும், கூலி கொடுக்கப் பணம் இல்லை. கைதிகள் அதற்குத் தீர்வாகிவிட்டார்கள்.

தொடக்கத்தில் தற்காலிகக் கொட்டகைகளில்தான் தங்கவைத்தார்கள். 1841இலிருந்து பிராஸ் பாசா பக்கம் முறையான சிறை எழும்பத் தொடங்கி, 1860 வாக்கில் முழுமையடைந்தது. அதைக் கட்டியதும் அதே கைதிகள்தான். இன்றைக்கு சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் இருக்கும் வட்டாரத்தைச் சுற்றித்தான் அது இருந்தது. டோபி காட் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி நடந்தால் சில நிமிடம்.

அந்தச் சிறை நடந்த விதம் அக்காலத்தில் வெளிநாட்டவர்களையும் வியக்கவைத்தது. வெளியிலிருந்து காவலர்களைச் சம்பளத்துக்கு வைப்பதைக் குறைத்துக்கொண்டு, கைதிகளிலேயே நம்பகமானவர்களைக் காவலர்களாகவும் தண்டல்களாகவும் (மேற்பார்வையாளர்களாகவும்) நியமித்தார்கள். இடுப்பில் பட்டை, வில்லை, சிறு சம்பளம். கைதியைக் கைதியே கண்காணித்தான். எல்லாரையும் ஆறு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். புதிதாக வந்தவனுக்குக் காலில் விலங்கு. நடத்தை சரியாக இருந்தால் விலங்கு கழலும், வகுப்பு உயரும். முதல் வகுப்புக்கு வந்துவிட்டால் விடுப்புச் சீட்டு கிடைக்கும். ஊருக்குள் குடியிருந்து சொந்தமாகச் சம்பாதிக்கலாம். கடைசி வகுப்பு முதியவர்களுக்கும் இயலாதவர்களுக்கும். சிறைக்குள்ளேயே கொத்து வேலை, தச்சு, கொல்லுப்பட்டறை, செங்கல் அறுப்பு, நெசவு எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். பின்னாளில் அச்சு வேலையும் புகைப்படம் எடுப்பதும்கூட உண்டு.

இதைக் கருணை என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கடல் தாண்டி அனுப்பப்பட்டவனுக்குத் திரும்பிப் போவோம் என்ற உறுதி இல்லை. சாதி போயிற்று, உறவு போயிற்று. வங்காளத்திலிருந்து வந்த ஆயுள் கைதிகள் பலருக்கு நெற்றியிலேயே குற்றத்தைப் பச்சை குத்தியிருந்தார்கள். 1849இல்தான் அந்தப் பழக்கத்தைச் சட்டப்படி நிறுத்தினார்கள். நெற்றியில் அந்த எழுத்தோடு ஒரு மனிதன் இந்த ஊரில் சாலைக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அவர்கள் செய்த வேலைகளில் பல இன்றும் நம் கண்முன் இருக்கின்றன. சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள், கால்வாய் வெட்டினார்கள். வடக்குப் பாலச் சாலை, தெற்குப் பாலச் சாலை, சிராங்கூன் சாலை, புக்கிட் தீமா சாலை எல்லாவற்றிலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது. புலி மனிதர்களை அடித்துக்கொண்டிருந்த காலத்தில் புலி வேட்டைக்கும் கைதிகளை அனுப்பினார்கள். இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவை 1867 முதல் 1869 வரை கட்டியபோதும் வேலை செய்தவர்களில் பெரும்பகுதி இவர்கள்தான். அதற்குப் பொறுப்பாக இருந்த மேஜர் மெக்நேர்தான் அப்போது சிறைக்கும் தலைவர்.

ஒன்றை மட்டும் கிட்டப்போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். சிட்டி ஹால் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். பழைய தேவாலயத்தில் இரண்டு முறை இடி விழுந்து அது பழுதானதால், 1856இல் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். வரைபடம் போட்டவர் ரோனல்ட் மெக்ஃபர்சன். கைதிகளின் கண்காணிப்பாளரும் அவரே. கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். உள்சுவருக்குப் பூசியது நம் ஊர்ச் சுண்ணாம்புப் பூச்சு. சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழையக் குழைய இடிப்பார்கள். பூசிக் காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றுவார்கள். செட்டிநாட்டு வீடுகளில் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் சுவர்கள் இருக்கின்றனவே, அதே கைப்பக்குவம்தான். பளிங்குக்குப் பணம் இல்லாத இடத்தில் பளிங்கைப் போல ஒரு சுவர். உள்ளே போய் அந்தத் தூண்களைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அதைத் தேய்த்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

1867 ஏப்ரல் 1ஆம் தேதி சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்கள் இந்தியாவின் பொறுப்பிலிருந்து பிரிந்து லண்டனின் நேரடி ஆட்சிக்குப் போயின. அதன்பின் இந்தியக் கைதிகளை இங்கே வைத்திருக்க வழியில்லை. 1873இல் அந்தச் சிறை அமைப்பையே கலைத்தார்கள். நீண்ட தண்டனை மீதமிருந்தவர்களை அந்தமானுக்கு மாற்றினார்கள். விடுப்புச் சீட்டு பெற்றவர்களில் பலர் இங்கேயே தங்கி மாட்டுவண்டி ஓட்டினார்கள், பால் விற்றார்கள், கொத்து வேலை செய்தார்கள், குடும்பமும் நடத்தினார்கள். சிங்கப்பூர் இந்தியர் வரலாறு என்றால் நாம் நாராயண பிள்ளையில் தொடங்குகிறோம். 1819இல் ராஃபிள்ஸோடு வந்து, செங்கல் சூளை வைத்து, 1827இல் மாரியம்மன் கோவிலுக்கு அடிப்படை போட்டவர் அவர். சரி, அவரைக் கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அதே பத்தாண்டில் விலங்கோடு இறங்கிய அந்த 80 பேரையும் அந்த வரலாற்றில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பேர்ல்ஸ் ஹில் பற்றிச் சுருக்கமாக. 1847இல் அதன் அடிவாரத்தில் உள்ளூர்க் குற்றவாளிகளுக்காக ஒரு சிறை கட்டத் தொடங்கினார்கள். பின்னாளில் ஊட்ரம் சிறை என்று அதற்குப் பெயர். பஞ்சாபில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடிப் பிடிபட்ட பாய் மகராஜ் சிங்கை 1850இல் நாடுகடத்தி இங்கேதான் தனி அறையில் வைத்தார்கள். வெளிச்சம் வராதபடி ஜன்னல்களை அடைத்திருந்த அந்த அறையில் கண் பார்வை ஏறக்குறைய முழுவதும் போய், 1856 ஜூலை 5 அன்று இறந்தார். சீலாட் சாலை குருத்வாராவில் அவர் நினைவிடம் இருக்கிறது. 1915 பிப்ரவரியில் அலெக்சாண்டிரா முகாமில் இந்தியச் சிப்பாய்கள் எழுச்சி செய்தபோது, விசாரணைக்குப் பிறகு 47 பேரைச் சுட்டுக்கொன்றதும் இந்தச் சிறையின் மதிலுக்கு வெளியே, ஊர்மக்கள் பார்க்கத்தான். 1963இல் சிறையை இடித்துவிட்டுக் குடியிருப்பு கட்டினார்கள்.

மலைக்கோட்டையே சிறையான கதை வேண்டும் என்றால் மகளைச் சிலோசோவுக்குக் கூட்டிப்போங்கள். செந்தோசாவுக்கு அப்போது புலாவ் பிளாக்காங் மாத்தி என்று பெயர். கெப்பல் துறைமுகத்தின் மேற்கு வாசலைக் காப்பதற்காக, தீவின் மேற்கு முனையில் இருந்த குன்றின் உச்சியைச் சமப்படுத்தி 1870களின் இறுதியிலிருந்து பீரங்கி மேடைகள் அமைத்தார்கள். குன்றுக்குள்ளேயே சுரங்கம் குடைந்து வெடிமருந்து வைத்தார்கள். தீவில் இருந்த பீரங்கிப் படையில் சீக்கியர்களும் பஞ்சாபி முஸ்லிம்களும் நிறையப் பேர்.

சிங்கப்பூர் விழுந்ததும் சிலோசோ போர்க் கைதிகள் முகாம் ஆனது. ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் வீரர்களை அங்கே வைத்து ஜப்பானியர்கள் வேலை வாங்கினார்கள். குண்டுகளையும் எரிபொருள் பீப்பாய்களையும் தூக்கிச் சுமக்கும் வேலை. அதற்கு முன்பே ஒரு கொடுமையான வேலையை அவர்கள் செய்ய வேண்டி வந்தது. சூக் சிங் படுகொலையில் ஜப்பானியர் சுட்டுக் கடலில் தள்ளிய சீனர்களின் உடல்கள் இந்தத் தீவின் கரையில் ஒதுங்கின. சரணடைந்து, எங்கே அடைக்கப்போகிறார்கள் என்று காத்திருந்த பிரிட்டிஷ் பீரங்கி வீரர்கள் ஏறக்குறைய 300 உடல்களை அங்கேயே புதைத்தார்கள். 1945இல் போர் முடிந்ததும் காவலர்களும் கைதிகளும் இடம் மாறினார்கள். ஜப்பானிய வீரர்கள் அதே இடத்தில் கைதிகளானார்கள். 1960களில் இந்தோனேசியாவுடனான பூசல் காலத்தில் கூர்க்காப் படை அங்கே காவல் இருந்தது. 1970களில் கோட்டை அருங்காட்சியகமாகி, 2022இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் இல்லை. மர உச்சிகளுக்கு மேலே போகும் நடைபாலம் வழியாக நடந்தே போகலாம்.

அந்தத் தீவோடு தொடர்புடைய இன்னொரு கைதியின் பெயரும் திட்டப்பணியில் இருக்கட்டும்: சியா தை போ. 1963 தேர்தலில் ஜூரோங் தொகுதியில் எதிர்க்கட்சியான பாரிசான் சோசலிஸ் கட்சியின் சார்பில் வென்றவர், நன்யாங் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தவர். 1966 அக்டோபரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைது செய்தார்கள். அவர் மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவர் என்றது அரசாங்கம். இல்லை என்று கடைசிவரை மறுத்தார் அவர். வழக்கு விசாரணை நடக்கவே இல்லை. 22 ஆண்டுகளுக்கும் மேல் அடைபட்டிருந்த பிறகு, 1989 மே மாதம் அவரைச் செந்தோசாவுக்கு மாற்றினார்கள். சுற்றுலாப் பயணிகள் வந்துபோகும் தீவில், ஒற்றை அறை கொண்ட பழைய காவல் வீடு. அதற்கு வாடகையும் அவரே கட்ட வேண்டும். 1992இல்தான் சிங்கப்பூர்ப் பெருநிலத்தில் குடியிருக்க அனுமதி கிடைத்தது. மீதமிருந்த கட்டுப்பாடுகள் 1998 நவம்பரில் நீங்கின. கைதானபோது அவருக்கு வயது 25.